சென்னய்யாவின் வலது கால்

செருப்பைக் கழற்றி லாரியின் பின்பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டு, பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துத் தூசி தட்டிக்கொண்டுதான் சென்னய்யா வண்டியில் ஏறுகிறார். ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு "மெல்லகெ" என்று ஒரு வார்த்தை. கன்னடத்தில் அதற்கு மெதுவாக என்று அர்த்தம். பரளச்சிக்காரர்களுக்குக் கன்னடம் தெரியாது. சென்னய்யாச் செட்டியார் ஏதோ மந்திரம் சொல்லித்தான் வண்டியைக் கிளப்புகிறார் என்று அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆள் குள்ளம். ஸ்டியரிங்குக்கு மேலே தலைப்பாகை மட்டும் தெரிய வண்டி வருவதைப் பார்த்தால், துணிமூட்டை ஒன்று தானாக லாரி ஓட்டிக்கொண்டு வருகிறதோ என்று தோன்றும். நின்று பேசும்போது இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருப்பார். மனுஷனுக்கு எங்கோ அவசரம் போலிருக்கிறது என்று பேச்சைச் சுருக்கிக்கொள்பவர்கள் உண்டு. அவசரம் ஒன்றுமில்லை. அது தறி மிதித்த கால்.

அருப்புக்கோட்டையில், வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர்களின் தேவாங்கர் தெருவில் பிறந்தவர். மீசை முளைக்குமுன் தறிக்குழிக்குள் இறக்கிய காலை, உலகச் சண்டைக்காலத்தில் நூல் கிடைக்காமல் தெருவே தறியை மூடியபோதுதான் வெளியே எடுத்தார். வயிற்றுப்பாட்டுக்காகப் பருத்தி அரைக்கும் மில் ஒன்றில் ஆயில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலைக்குப் போனார். எஞ்சின்காரர் காய்ச்சலில் படுத்த நாட்களில் எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றுக்கொண்டார். கரிவாயுவில் ஓடிய பஸ் ஒன்றில் தொற்றிக்கொண்டு ஓட்டவும் பழகினார். நூல் மறுபடி வரத்தொடங்கியதும் மனைவி லிங்கம்மாள் தறியைத் துடைத்து, விளக்கேற்றி, சௌடேஸ்வரியம்மனைக் கும்பிட்டு, உட்காருங்கள் என்றாள். இவர் உட்காரவில்லை.

"அங்கன மிதிச்சா நூலு நகருது. இங்கன மிதிச்சா நான்ல நகருறேன்" என்று அதற்குக் காரணம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் சின்னப்பையன் சிரிப்பு ஒன்று வரும்.

லாரி பரளச்சி வெள்ளத்துரை முதலாளியுடையது. சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது மெட்ராஸ் வரை போய் எடுத்துவந்தார். பெட்ரோல் கேட்காத வண்டி, ஊரில் குருடாயில் என்கிற டீசலில் ஓடும். பின் சக்கரம் தள்ளும்போது முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கரிசலில் ஒரு மழை பெய்தால் கட்டைவண்டி அச்சுவரை இறங்கிப்போகும், மாடு முட்டிபோட்டுவிடும். அந்தச் சேற்றில் இந்த லாரி உறுமிக்கொண்டு ஏறிப்போனதைப் பார்த்த அன்று, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கிடக்கிற தன் தூரத்துப் புஞ்சைக்கெல்லாம் இனி இதுதான் என்று முதலாளி முடிவுகட்டினார். விடியலில் பருத்தி எடுக்கும் பெண்களை ஏற்றிப்போவது, பொழுது சாயப் பருத்திப் பொதியோடு அருப்புக்கோட்டை மில்லுக்குப் போவது. சென்னய்யாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வண்டியின் பலத்தில் குறையில்லை. குணத்தில்தான் குறை. தார்ரோட்டில் தேராகப் போகும். வண்டிப்பாதையில் இறங்கிவிட்டால் எகிறும். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, மறுபடி ஒரு தள்ளு. முரட்டுக் கன்றை முதல்முதலாக நுகத்தில் பூட்டினால் என்ன செய்யுமோ அதைச் செய்யும். பொதி ஏற்றிய லாரி பொறுத்துப்போகும். ஆளை ஏற்றிய லாரி பொறுக்காது. முதல் மாசத்திலேயே, ஓடையைத் தாண்டிக் கரையேறும்போது எகிறிய எகிறில் கருத்தம்மாள் பின்பக்கமாக விழுந்தாள்.

கருத்தம்மாள் பருத்தி எடுக்கும் கூட்டத்துக்குத் தலைவி. எந்தப் புஞ்சைக்குப் போவது, எத்தனை பேர் போவது எல்லாம் அவள் வாயில்தான். விழுந்ததில் வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. கட்டுப்போட்டார்கள், எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. ஆள் அழவில்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் சென்னய்யாவுக்குத் தேவலை. கட்டைப் பிரித்த மறுநாள் விடிகாலையில் அவள் லாரியைக் கடந்து நடந்துபோனாள். இவர் கீழே இறங்கி, "யக்கா, மெதுவா ஓட்டுறேன், ஏறு" என்றார்.

"நீரு நல்லாத்தேன் ஓட்டுவீரு செட்டியாரே. அது நல்லா ஓடமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் நடந்தார்கள்.

அதிலிருந்து தினமும் இதே கூத்துதான். பெண்கள் கூட்டமாக வண்டிப்பாதையில் நடக்க, அவர்கள் பின்னாலேயே காலி லாரி ஊர்ந்துபோகும். முந்திப்போகவும் சென்னய்யாவுக்கு மனசு வராது. புழுதி அவர்கள் மேல் விழுமே. அவர்களும் லாரியும் போவது ஒரே புஞ்சைக்குத்தான். அவர்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். பனியீரத்தில் எடுக்கவேண்டிய பருத்தியில் காய்ந்த சருகு ஒட்டிக்கொள்ளும். மில்லில் மட்டம் என்பார்கள்.

எஞ்சின் தெரிந்த ஆள், குறையை எஞ்சினுக்குள்தான் தேடுவார். குருடாயிலில் கசடு இருக்கிறது என்று லிங்கம்மாளின் பழைய சேலையை எட்டாக மடித்து வடிகட்டினார். எண்ணெய் பம்பைப் பிரித்து ஒவ்வொரு குழாயாக ஊதினார். எஞ்சின் ஆடுகிறதோ என்று அடியில் ரப்பர் மாற்றினார். ஆக்ஸிலேட்டர் மிதிக்கு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று முரட்டு ஸ்பிரிங்காகப் போட்டார். வண்டி அதேபோல் எகிறியது. கூடுதலாக இவருக்குத் தொடைவலி வந்ததுதான் மிச்சம். பாளையம்பட்டியில் பழக்கமான பஸ் டிரைவர் இன்பராஜைக் கூட்டிவந்து ஓட்டச் சொன்னார். அவரிடமும் எகிறியது. ஆக, ஓட்டுகிறவர் மேல் தப்பில்லை, வண்டிதான் என்று தீர்ந்துபோயிற்று.

இன்பராஜையும் செருப்பைக் கழற்றவைத்துத்தான் வண்டியில் ஏற்றினார் என்பதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. சென்னய்யா வீட்டில் தறிப்பக்கம் செருப்புக்காலோடு யாரும் போகமாட்டார்கள். சோறு போடுகிற மிதி. அதைச் செருப்பால் மிதிப்பது அம்மனை மிதிப்பது. லாரி சோறு போடத் தொடங்கியதும் சென்னய்யா அந்தச் சட்டத்தை அதற்கும் போட்டுவிட்டார். வெள்ளத்துரை முதலாளியே முன்சீட்டில் ஏறவேண்டுமானால் பாப்பாஸ் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். "என் வண்டியில ஏற எனக்கே சட்டமாக்கும்" என்று முனகுவார். ஆனால் கழற்றிவிடுவார்.

தை பிறந்தது. முதலாளி பொறுமையும் தீர்ந்தது.

"செட்டியாரே, நானும் பாத்துட்டேன். ஆளு ஏறாத வண்டிய வெச்சுக்கிட்டு என்ன செய்ய? மாசிக் களரிச் சாமிகும்பிடு முடியட்டும். எஞ்சினக் கழத்திக் கெணத்து மேட்டுல வெச்சுப் பம்ப மாட்டிருவோம். கமல எறைக்கிற மாடாச்சும் பெழைக்கும். எஞ்சினுக்கு நீருதான் ஆளு. சம்பளம் கொறைக்கமாட்டேன்."

நியாயமான பேச்சு. சண்டைபோட இடமே இல்லை. சென்னய்யா "சரி மொதலாளி" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கிணற்று மேட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து எஞ்சினுக்குக் காவல் இருப்பதற்குத் தறிக்குழியே மேல். அது போகட்டும். எஞ்சின் கிணற்றுக்குப் போய்விட்டால் கருத்தம்மாளின் கோணல் கைதான் இந்த லாரியின் கடைசிக் கணக்காக நிற்கும். அதை நினைத்ததும் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

அந்த வாரத்தில்தான் சோணைமுத்து வந்தான். எம்.ரெட்டியபட்டிக்காரன். பர்மாச் சண்டையில் பட்டாள லாரி ஓட்டித் திரும்பி, இப்போது உழுகிறான். சட்டை கிழிந்துவிட்டது, பூட்ஸ் மட்டும் கிழியவில்லை, அதனால் கழற்றுவதே இல்லை. தன் பருத்தி வண்டியோடு வந்தவனுக்கு, புஞ்சைத் தலைமாட்டில் பாதையை அடைத்துக்கொண்டு நின்ற லாரி இடைஞ்சலாக இருந்தது. சென்னய்யா தூரத்தில் வேலமரத்து நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "செட்டியாரே, வண்டிய நவட்டிக்கிடுதேன்" என்று கத்திவிட்டு ஏறிவிட்டான், பூட்ஸ் காலோடு.

சென்னய்யா சோற்றுக்கையோடு ஓடினார். "ஏலே, கழத்துலே! கால்ல கெடக்கதக் கழத்துலே!" உழுதுபோட்ட கட்டிகளின் மேல் லாரி ஏறி இறங்கி வளைந்துகொண்டிருந்தது. பாதி தூரம் ஓடியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாய் மட்டும் "கழத்துலே, கழத்துலே" என்று கொஞ்சநேரம் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

லாரி எகிறவில்லை. கட்டிக்குக் கட்டி ஆடியது. ஆனால் அந்தத் தள்ளும் இழுப்பும் இல்லை. எஞ்சின் ஒரே ஸ்வரத்தில் பாடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு சுத்து சுத்து" என்றார்.

"வைவீகன்னுல்ல நெனச்சேன்."

"அப்பறம் வையுறேன். சுத்துலே."

சோணைமுத்து இன்னொரு சுற்றுச் சுற்றினான். சென்னய்யா கதவோரம் படியில் தொற்றிக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் அவன் வலது காலையே பார்த்துக்கொண்டு போனார். பூட்ஸின் கனத்த குதி தரையில் ஆணியடித்ததுபோல் ஊன்றியிருந்தது. முன்பாதம் மட்டும் மிதியின் மேல். வண்டி குலுங்கினாலும் அந்தக் குதி அசையவில்லை. இவர் குள்ளம், வெறுங்கால். மிதியோ பட்டாளத்துப் பூட்ஸுக்கு அளவெடுத்து வைத்த உயரம். எட்டி மிதித்தால் இவர் குதி தரையைத் தொடுவதில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. வண்டி குலுங்கினால் கால் குலுங்கும். கால் குலுங்கினால் எண்ணெய் கூடியும் குறைந்தும் போய் வண்டி இன்னும் குலுங்கும். இன்பராஜுக்கும் செருப்பைக் கழற்றியதால் அதே கதிதான். இத்தனை மாசமாக முரண்டு பிடித்தது வண்டியில்லை, இந்தக் காலும் அது பிடித்துக்கொண்டிருந்த மரியாதையும்தான். சென்னய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே கருத்தம்மாளின் கை ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றது.

சோணைமுத்து தாராளமான ஆள். "பூட்ச வெச்சுக்கிடுங்க. களரிக்குள்ள திருப்பிக் குடுத்தாப் போதும்" என்று கழற்றியே கொடுத்துவிட்டான். சென்னய்யா போட்டும் பார்த்தார். சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை எழவில்லை. இறங்கி, கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டார்.

லிங்கம்மாளிடம் சொன்னபோது, அவள் ராட்டையை நிறுத்தாமலேயே கன்னடத்தில் கேட்டாள்: "தறியில் நூல் சாமி, சரி. லாரியில் எது சாமி? குருடாயிலா?"

"மிதிக்கிற இடமெல்லாம் ஒன்றுதான்" என்றார் இவர்.

"அப்படியானால் காலை மாற்றமுடியாது. தரையை மாற்றுங்கள்."

அவள் எரிச்சலில்தான் சொன்னாள். இவர் எழுந்து பரளச்சிக்குப் போய்விட்டார்.

கண்மாய்க்கரையில் ஈரக் கரிசலைக் குழைத்து, ஒரு பலகையில் அப்பி, அதில் வலது குதியை அழுத்தி எடுத்தார். வெயிலில் அது காய்ந்து கல்லானதும் ஆசாரியிடம் கொண்டுபோய், இந்த அச்சுக்குச் சரியாகக் கருவேலங்கட்டையில் ஒரு குழி வேண்டும் என்றார். ஆசாரி அந்தக் குதியச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு காலு, சாமி காலா?" என்று கேட்டார். சென்னய்யா அந்தக் கட்டையை மிதிக்குக் கீழே வண்டியின் தரையில் போல்ட்டு போட்டு இறுக்கினார். கால் பக்கவாட்டில் நழுவாமல் ஒரு சின்னப் பலகையும் வைத்தார். இப்போது அவர் குதிக்கு இருக்க இடம் கிடைத்துவிட்டது. முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுப் பழையதையே போட்டார்.

எகிறு முக்கால்வாசி போயிற்று. கால்வாசி இருந்தது. ஓடைக்கரை மாதிரி இடத்தில் உடம்பே முன்னும் பின்னும் போகும்போது காலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். கருத்தம்மாளை விழத்தட்டியது அந்தக் கால்வாசிதான் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பழைய சைக்கிள் பம்பை எடுத்து, அதன் வாயை அடைத்து, அதில் விளக்கெண்ணெய் ஊற்றினார். உள்ளே இருக்கிற தோலில் ஊசியால் ஒரு துளை. பம்பின் தண்டை மிதியோடு சேர்த்துக் கட்டினார். மெல்ல மிதித்தால் எண்ணெய் துளைவழியே நிதானமாக வழிவிடும். வெடுக்கென்று மிதித்தால் விடாது, மிதியும் இறங்காது. விடிகாலைப் பனியில் எண்ணெய் இறுகி மிதி சோம்பேறியாக இருக்கும். உச்சிவெயிலில் இளகித் துடுக்காகிவிடும். அதற்குத் தகுந்தபடி துளையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி. இன்றைக்கும் காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம் குனிந்து அந்தத் திருகாணியைத் திருகுவார். வழிப்போக்கர்கள் செட்டியார் காலில் முள் எடுக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

களரிக்கு முந்தின வாரம், விடிவதற்குச் சற்றுமுன், பெண்கள் வழக்கம்போல நடக்கத் தயாராக நின்றார்கள். முதலாளியும் வந்திருந்தார். எஞ்சினைக் கழற்ற எந்த நாள் தோது என்று கேட்கத்தான் வந்தார். சென்னய்யா அவரைத் தாண்டி நேரே கருத்தம்மாளிடம் போனார்.

"யக்கா, கொறை வண்டியில இல்ல. என் கால்லதேன் இருந்துச்சு. சரிபண்ணிட்டேன்."

அவள் அவர் காலைப் பார்த்தாள். கால் எப்போதும்போலத்தான் இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. தலையிலிருந்த கம்பங்கூழ்க் கலயத்தை இறக்கி லாரியின் பலகைமேல் வைத்தாள்.

"மொதல்ல இது போயிட்டு வரட்டும். அப்பறம் நான்."

"எதுவர?"

"எங்கன விழுந்தனோ அங்கன வர."

ஓடைக்கரை வரை எல்லோரும் நடந்தார்கள். அங்கே நின்றுகொண்டார்கள். லாரி கலயத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மணலில் இறங்கி, அக்கரை ஏறி, திரும்பி வந்தது. இவ்வளவு பெரிய லாரியில் இவ்வளவு சின்ன லோடு அதற்குமுன் போனதில்லை. கருத்தம்மாள் மூடியிருந்த இலையை எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் கொஞ்சம் சிந்தியிருந்தது. விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"கட்டவண்டின்னா பாதி போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, பின்பலகையைப் பிடித்து ஏறினாள். பிடித்தது இடது கை. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்னால் ஏறினார்கள். முதலாளி பாப்பாஸைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார்.

சென்னய்யா குனிந்து திருகாணியைத் திருகினார். குதியைக் குழியில் வைத்தார். முன் சக்கரம் மணலில் இறங்கியதும் பின்னாலிருந்து பெண்கள் பக்கப்பலகைச் சங்கிலிகளைப் பிடித்து இறுக்கும் சத்தம் கேட்டது. கருத்தம்மாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தன் முதுகுக்கு நேர் பின்னால், திறந்திருந்த சின்ன ஜன்னலோரம். சீட் குலுங்கியது, ஸ்டியரிங்கும் குலுங்கியது. குலுங்காமல் இருந்தது அந்த ஒரு கால்தான். லாரி கரையில் மூக்கை உயர்த்தியது. பட்டாள எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறியது.

மேடு பாதிகூட முடியவில்லை. முதலாளி முன்னால் பார்த்துக்கொண்டே, "கெணத்துக்கு வேற எஞ்சினுதான் பாக்கணும் போல" என்றார்.

சென்னய்யா அதைக் கேட்டாரா என்பது சந்தேகம். ஜன்னல் வழியாக அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டிருந்தது. மணிக்கட்டில் கோணிக்கொண்டு, விரல்நுனியில் சுண்ணாம்பு அப்பிய வலது கை. நடுமேட்டில், சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து மடித்த வெற்றிலை அதில் இருந்தது. சென்னய்யா ஸ்டியரிங்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.